கைதவறி

குலசேகரத்திலிருந்து ராஜையன் முதலாளி கூப்பிட்டபோது
மார்த்தாண்டம் மேம்பாலத்தின் அடியில்
மழைக்கு ஒதுங்கி நின்றிருந்தேன்.
மூணு வருசத்து மெயில் மொத்தமும் போச்சு சாரே,
நம்ம டெல்சிக்க கை தவறிப்போச்சு,
திங்கக்கெழமை ஆடிட்டர் வாறாரு.

கை தவறுவது எனக்குப் பழக்கம்.
பிறர் கை. அதில்தான் என் சோறு.
பெயின்ட் கடைக்கு மேல்மாடி, இரண்டு சர்வர்,
கரண்ட் போனால் விட்டுவிட்டுக் கூவும் யு.பி.எஸ்.

அழித்தது உடனே அழிவதில்லை.
பேச்சிப்பாறையில் மதகை அடைத்த பிறகும்
கடைவரம்புக் கால்வாயில் சில நாள் தண்ணீர் கிடக்கும்,
தவளைக்கும் பிள்ளைகளுக்கும் மட்டும் தெரிந்து.
இங்கே அது பத்து நாள்.
பெயரைத்தான் எடுத்திருக்கும். ஆள் அங்கேயே இருக்கும்,
அந்த இடம் எனக்கு வேண்டும் என்று
வேறொன்று வந்து கேட்கும்வரை.

நாலாயிரத்து இருநூற்றெட்டு. எல்லாம் கிடந்தது.
வழக்கப்படி லாக்கைத் திறந்தேன்.

இரவு பதினொன்று ஐம்பத்திரண்டு:
நாலாயிரத்துச் சொச்சம், ஒரே வினாடியில்.
சரி, கை அப்படித்தான் தவறும்.
ஆனால் அதற்கு முன்னால், ஒன்பது மணி தொட்டு
ஒவ்வொன்றாய் அறுபத்துமூன்று.
ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே
இரண்டு நிமிடம், மூன்று நிமிடம்,
ஓரிடத்தில் பதினேழு.

தவறுவதற்கு இவ்வளவு நேரம் ஆகாது.
வாசிப்பதற்கு ஆகும்.

அறுபத்துமூன்றும் கோட்டயத்து முகவரி ஒன்றோடு
வந்ததும் போனதும்.
திறக்க எனக்கு வழி உண்டு, வழக்கமில்லை.
தலைப்பு மட்டும் தானாய்க் கண்ணில் விழுந்தது.
லாட் 41, ஷீட்டில் ஈரம்.
அடுத்தது, மறு: லாட் 41, ஷீட்டில் ஈரம்.
அடுத்தது, மறு: மறு:
மறு பெருகிப் பெருகி
ஈரத்தைத் திரைக்கு வெளியே தள்ளிவிட்டிருந்தது.
அந்த லாட் போன வருசம் ஆனியிலேயே லாரி ஏறிவிட்டது,
பில் இருக்கிறது, பணமும் வந்திருக்கிறது.
ஒரு ஷீட் காய நாலு நாள் புகை போதும்.
இது பதினாலு மாதம்.
பெரும்பாலும் இரவு ஒரு மணி.
இணைப்பு ஏதுமில்லை, எடை இரண்டு கே.பி.

மற்றதையெல்லாம் ஏற்றினேன்:
ஜி.எஸ்.டி, வேபில், தராசு ரிப்பேர்,
ஆசிட் விலை கூடியதற்கு ராஜையன் எழுதிய
ஆறு கோபக் கடிதங்கள்.
ஆடிட்டருக்கு வேண்டியது எல்லாம் வந்தாச்சு என்றேன் அவரிடம்.
பொய்யில்லை.

பிறகு அவளுக்கு போன் போட்டேன்.
கொஞ்சம் பாக்கி கிடக்கு மேடம்.
இன்னும் ஒன்பது நாள் கிடக்கும்.
வேணும்னா சொல்லுங்க.
வேண்டாம்னா ஒண்ணும் சொல்லாண்டாம், தானாப் போயிரும்.

அந்தப் பக்கம் ரோலர் ஓடிக்கொண்டிருந்தது.
யாரோ தரையில் கேனை இழுத்தார்கள்.
அங்க மழையா சாரே, என்றாள்.
ஆமா.
இங்கயும்தான்.
வைத்துவிட்டாள்.

ஒன்பதாம் நாள் இரவு, பதினொன்று ஐம்பது.
பன்னிரண்டுக்குத் துடைக்கும் வேலை ஓடும்.
மட்டிப்பழம் உரித்துக்கொண்டிருந்தேன்.
ஒரு மெயில் வந்தது.
மறு: லாட் 41, ஷீட்டில் ஈரம்.

உள்ளே ஒன்றுமில்லை.
கீழே கம்பெனி விலாசம், போன் நம்பர்,
அச்சிடும் முன் மரங்களை நினைத்துப் பாருங்கள் என்று
பச்சையில் ஒரு வரி.

வேணும் என்றா, வேண்டாம் என்றா.
அந்த வெள்ளையை எட்டு நிமிடம் பார்த்திருப்பேன்.

தவணையை நீட்டினால் சர்வர் காரணம் கேட்கும்.
கட்டத்தைக் காலியாக விடாது.
பழம் பிசுபிசுத்த விரலால்
கைதவறி
என்று அடித்தேன்.